கண்ணாடி, சைக்கிள், ரோஸ் நிறச் சேலை: பெரியவர்கள் படிக்க வந்த வரலாறு



நம் சங்கக் கூடத்தில் புதன்கிழமை மாலை நடக்கும் மூத்தோர் கற்றல் வட்டம் தொடங்கியபோது 23 பேர் இருந்தோம். இந்தக் காலாண்டு வருகைப் பதிவேட்டின்படி சராசரி 9 பேர். அந்த நேரத்துக்குக் கூடத்தை வேறு வகுப்புக்குக் கொடுக்கலாமா என்று வரும் பொதுக்குழுவில் பேச இருக்கிறார்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை. கூடத்தின் மின்கட்டணமும் துப்புரவுக் கூலியும் எல்லோரும் கட்டும் பராமரிப்புப் பணத்திலிருந்துதான் போகிறது.

வட்டத்துக்குப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது எப்படி என்று எழுதும்படி மடல் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். நான் வணிகவியல் படித்தவன். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கணக்கு சரியில்லை என்றால் முதலில் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வயது வந்தவர்களைப் படிக்க வரவழைக்க நம் நாட்டில் ஒரு நூற்றாண்டாகப் பலர் முயன்றிருக்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நம் வட்டத்துக்கு வருவோம்.

திருச்செங்கோட்டில் ஒரு பத்திரிகை

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் முக்கிய வேலைகள். 1929-ல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர். அவருக்கு உதவியாக வந்து சேர்ந்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி.

குடியின் கேடுகளைப் பற்றி உபதேசமாகவே எழுதியிருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள். அவர்கள் கதையாகவும் படமாகவும் கொடுத்தார்கள். விஷயம் கனமானது என்பதால், ஆளை உள்ளே அழைக்கும் வாசல் லேசாக இருக்க வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தார்கள். பத்து இதழ்களோடு அந்தப் பத்திரிகை நின்றது. ஆனால் 1937-ல் ராஜாஜி முதலமைச்சர் பொறுப்பில் இருந்தபோது மதுவிலக்கு முதன்முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டத்தில் நாமக்கல்லும் தருமபுரியும் சேர்ந்திருந்தன.

அதே காலத்தில் மன்னார்குடிப் பக்கம் இன்னொரு வேலை நடந்தது. 1931 அக்டோபரில் மேலவாசல் கிராமத்தில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் அமைத்தார். நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். புத்தகத்தைத் தேடி ஜனங்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், புத்தகமே சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போனது. நாம் சொத்து வரியோடு கட்டும் நூலக வரிக்கு வழி செய்த 1948-ம் ஆண்டு நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது.

பட்டியலில் இல்லாத பெரியவர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் பெரிய முயற்சி 1978 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். ஐந்து ஆண்டுகளில் பத்துக் கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது இலக்கு. ஊர்தோறும் இரவில் மையங்கள் திறந்தார்கள். இலக்கு எட்டப்படவில்லை. பல இடங்களில் மையம் திறந்திருந்தது, வருவதற்குத்தான் ஆள் இல்லை. பகலெல்லாம் வேலை செய்தவர் இரவு பாடம் படிக்க ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு மையத்தில் பதில் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் வயது வரம்பு 15 முதல் 35 வரை. 1988-ல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் முதலில் அதே வயதினரைத்தான் குறி வைத்தது. உழைக்கும் வயதில் இருப்பவர் படித்தால் நாட்டுக்குப் பலன் என்பது அவர்கள் கணக்கு. அறுபது வயதுக்காரர் பட்டியலிலேயே இல்லை. 'இந்த வயதில் எனக்கு எதற்கு' என்று நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை அவர்களாக மட்டும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

எர்ணாகுளம்: முதலில் கண்ணாடி

நிலைமை மாறியது எர்ணாகுளத்தில். 1989 ஜனவரி 26-ல் மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. இங்கே வயது வரம்பை அறுபது வரை நீட்டினார்கள். வீடு வீடாகப் போய் யாருக்கு எழுத்து தெரியாது என்று கணக்கெடுத்தார்கள். சுமார் 20,000 தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாமல் சொல்லிக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4-ம் தேதி, முழு எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் மாவட்டமாக எர்ணாகுளத்தைப் பிரதமர் வி.பி. சிங் அறிவித்தார்.

அந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி மூக்குக் கண்ணாடி. வகுப்புக்கு வந்த வயதானவர்களில் பலருக்கு எழுத்து தெரியாததோடு, எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். நன்கொடையாகத் திரட்டி ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் கொடுத்தார்கள். 'ஆர்வம் இல்லை' என்று எழுதி விட்டுவிடாமல், என்ன தடை என்று நேரில் கேட்டதால்தான் அந்த விஷயம் வெளியே வந்தது.

புதுக்கோட்டை: எழுத்தோடு சைக்கிள்

அந்த அலை தமிழ்நாட்டுக்கு 'அறிவொளி இயக்கம்' என்று வந்தது. அதில் பெரிதும் பேசப்பட்டது புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் நடத்தின. பாட்டைக் கேட்க வந்தவர்கள் பாடத்துக்கும் வந்தார்கள். அறிவொளிப் பாடம் 'அ'வில் தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்ற சொற்களில் தொடங்கியது. நிலத்துக்குப் பட்டா இல்லாமல் அலைந்தவருக்கு அந்தச் சொல்லைத் தானே படித்துப் பார்ப்பதைவிடப் பெரிய தூண்டுதல் வேறு என்ன இருக்க முடியும்?

அதோடு ஆட்சியர் பெண்கள் சைக்கிள் கற்பதையும் எழுத்தறிவு வேலையில் ஒரு பகுதியாக்கினார். வயல் வேலை செய்பவர்கள், கல் குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள் எல்லோரும் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் பொருட்படுத்தவில்லை. 1992 மகளிர் தினத்தை ஒட்டிப் புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணி போனார்கள். ஒன்றரை ஆண்டில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்க அது வசதியாகவும் இருந்தது.

வங்கிக்காரன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி ஆட்சியர் வங்கிகளை நெருக்கினார். படிப்பு, அதற்கு மேல் ஒரு பாட்டு, அதற்கு மேல் ஒரு சைக்கிள், அதற்கு ஒரு கடன் என்று ஒன்றை ஒன்று தாங்கியது. சைக்கிளுக்காக வந்தவர் எழுத்தையும் எடுத்துப் போனார். எழுத்துக்காக வந்தவர் சைக்கிளையும் எடுத்துப் போனார்.

கவுண்டரில் கண்டது

அறிவொளி பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு கிராமக் கிளைகள் பெருகின. கைநாட்டு வாடிக்கையாளர்களும் பெருகினார்கள். கைநாட்டுக் கணக்கு என்றால் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டியிருக்கும். பணம் எடுக்க அவரே நேரில் வர வேண்டும். அதிகாரி முன்னால் ரேகை வைக்க வேண்டும். செக் புத்தகம் கிடையாது.

1990-களில் ராசிபுரம் பக்கம் ஒரு கிளையில் நான் இருந்தபோது சிலர் வந்து, "கையெழுத்துக்கு மாத்திக் குடுங்க சார்" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் பெண்கள். புது மாதிரிக் கையெழுத்து அட்டையை நீட்டினால், மேசை மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்தி எழுதுவார்கள். வரிசை நீண்டுகொண்டே போகும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த அம்மாக்கள் அவசரப்பட மாட்டார்கள். எழுதி முடித்ததும் அட்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவர்களை வகுப்புக்குக் கொண்டுபோனது 'கல்வி' என்ற பெரிய சொல் என்று நான் நினைக்கவில்லை. மை தடவிய பெருவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போவது போதும் என்ற எண்ணம்தான்.

வேலை இன்னும் முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். சேலம் மாவட்டம் சுமார் 73, நாமக்கல் சுமார் 75. இரண்டுமே மாநில சராசரிக்குக் கீழே. விட்டுப்போனவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள்.

பாட்டிமார் பள்ளிக்கூடம்

அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஒரு பள்ளி மகாராஷ்டிரத்தில் தானே மாவட்டம் பாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8-ம் தேதி தொடங்கியது. பெயரே 'ஆஜிபாய்ச்சி சாளா', அதாவது பாட்டிமார் பள்ளி. உள்ளூர் ஆசிரியர் யோகேந்திர பங்கர் முன்னின்று தொடங்கினார். சமய நூல்களைத் தாங்களே படிக்க வேண்டும் என்பது அந்தப் பாட்டிகளின் ஆசை. வகுப்பு காலையிலும் இல்லை, இரவிலும் இல்லை. வீட்டு வேலை முடிந்த பிற்பகலில் இரண்டு மணி நேரம். எல்லோருக்கும் ரோஸ் நிறச் சேலை சீருடை. கையில் சிலேட்டு, தோளில் பை. சொல்லிக் கொடுத்தவர் அந்த மாணவிகளில் ஒருவருடைய மருமகள்.

சீருடை எதற்கு என்று தோன்றலாம். தனியாக ஒரு பாட்டி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் பார்ப்பவர் சிரிப்பார்கள். ஒரே நிறச் சேலையில் இருபத்தைந்து முப்பது பேர் போனால் அது பள்ளிக்கூடம். வெட்கம் பங்கு போட்டுக்கொண்டால் குறைந்துவிடுகிறது.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். 2020-ல் அவருக்கு நாரி சக்தி விருது கிடைத்தது. அவருக்கு ஆசை வந்தது, அறுபது வயதை ஒட்டிய தன் மகள் படித்துத் தேறியதைப் பார்த்துத்தான். எந்த விளம்பரத்தையும்விட, பக்கத்தில் ஒருவர் படிப்பதைப் பார்ப்பது பெரிது.

படித்தவர்களை என்ன செய்வது?

இதுவரை சொன்னது எழுத்து தெரியாதவர்களைப் பற்றி. நம் குடியிருப்பில் பெரும்பாலோர் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களை வரவழைப்பது இன்னும் கடினம். 'எனக்கு யார் சொல்லிக் கொடுப்பது' என்ற எண்ணம் குறுக்கே நிற்கும்.

இதற்கு ஒரு வழி வெளிநாட்டில் கண்டார்கள். 1973-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லா ஓய்வு பெற்றவர்களுக்காக 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாடம் எடுத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த யோசனை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டும் அவர் நண்பர்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, சம்பள ஆசிரியரும் கிடையாது. உறுப்பினர்களே தமக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இன்று பிரிட்டனில் அத்தகைய குழுக்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கற்றுக்கொள்ள வாருங்கள் என்றால் தயங்குகிற மனிதர், நீங்கள் வந்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நம் வட்டத்துக்கு வருவோம்

இத்தனை வரலாற்றிலும் ஒரே ஒரு பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த இடத்தில் ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டு, தடையை நீக்கி, அவருக்கு வேண்டியதைக் கையில் கொடுத்த இடத்தில் வந்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டும் நோட்டீஸ் 1978-ம் ஆண்டு முறை. அதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை புதன்கிழமை காத்திருந்தாலும் 9 என்பது 10 ஆகாது. பொதுக்குழுவுக்கு முன் வட்டத்தார் செய்யலாம் என்று நான் நினைப்பவை இவை.

முதலாவது, வீடு தேடிப் போவது. இப்போது வரும் ஒன்பது பேரும் ஆளுக்கு மூன்று வீடுகளுக்குப் போனால் 27 வீடு. வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது கணக்கில் சேராது. போய் 'வாருங்கள்' என்று மட்டும் சொல்லாமல், ஏன் வர முடியவில்லை என்று கேட்க வேண்டும். மாலை 5 மணி பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். பாட்டிகள் எப்படி வருவார்கள்? பாங்கணே பாட்டிகளைப் போல நமக்கும் பிற்பகல் 2 மணி ஒத்துவரலாம்.

இரண்டாவது, நம்முடைய 'கண்ணாடி' என்ன என்று பார்ப்பது. கூடத்தின் பின்வரிசையில் வெளிச்சம் குறைவு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்குக் கைப்பிடி இல்லை, முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க முடியாது. காது மந்தமானவருக்கு மைக் வேண்டும். இவை பெரிய செலவு இல்லை.

மூன்றாவது, நம்முடைய 'சைக்கிள்'. கையெழுத்துப் போடத் தெரிந்த நாமே இன்று கைபேசி முன்னால் கைநாட்டாகத்தான் நிற்கிறோம். 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பெட்டிக்கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. நாமோ பத்து ரூபாய் அனுப்பப் பேரனைக் கூப்பிடுகிறோம். நவம்பர் மாதம் மத்திய அரசு, வங்கி ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' மூலம் மின்வழியில் கொடுக்கலாம். 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். அதை வரும் மாதங்களில் முதல் பாடமாக வைக்கலாம். மோசடி அழைப்பு வந்தால் என்ன செய்வது, பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணில் எப்படிப் புகார் சொல்வது என்பதை இரண்டாவது பாடமாக வைக்கலாம். தேவாரமும் திருக்குறளும் வரலாறும் அதன் பின்னால் தாமே வரும்.

நான்காவது, ஒவ்வொருவரும் ஒரு நாள் ஆசிரியர். லாரி பாடி கட்டும் தொழில், ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, கோழிப்பண்ணை, கைத்தறி என்று நம் வட்டாரத் தொழில்கள் அத்தனையிலும் வாழ்ந்தவர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது.

ஐந்தாவது சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம், ஆனாலும் எழுதுகிறேன். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள், தோட்டக்காரர், வாட்ச்மேன் ஆகியோரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சிலர் இன்றும் சம்பளப் பதிவேட்டில் ரேகைதான் வைக்கிறார்கள். அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் நடக்கிறது. மேல் வரம்பு இல்லை. தன்னார்வலர்களே சொல்லிக் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நால்வர் நம்மிடம் இருக்கிறார்கள், கூடமும் இருக்கிறது. அவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில், அதே நாற்காலிகளில் அவர்களும் உட்காரட்டும். 'உறுப்பினர்' என்றால் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவர் மட்டும்தானா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.

கூடத்தை வேறு வகுப்புக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யும்போது ஒன்பது என்ற எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரு காலாண்டு அவகாசம் கொடுங்கள். அடுத்த இதழில் வருகைப் பதிவேட்டின் கணக்கை மாதவாரியாக இங்கேயே கொடுக்கிறோம். அதுவரை, வட்டத்திலிருந்து யாராவது உங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்தால், ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசி அனுப்புங்கள். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வராவிட்டால், ஏன் வர முடியவில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.